முதல் உதை ஓனருடையது

துருப்பிடித்து மூலையில் கிடக்கும் பழைய வண்டிகளை மறுபடி ஓடவைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, துணிந்து வந்திருக்கும் ஒன்றிரண்டு தங்கைகளே,

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். பிஸ்டன் இறுகிப்போனால் என்ன ஊற்றுவது, டேங்குக்குள் இருக்கும் துருவை எப்படி எடுப்பது, பழைய கார்புரேட்டர் எங்கே கிடைக்கும். இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக் காட்ட இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்து, தண்டையார்பேட்டைக் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அதைத் திரும்பச் சொல்லப் பொறுமை இல்லை. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கேட்க நன்றாக இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்டது ராயபுரத்தில் ஒரு உஸ்தாதிடம். நெடுநாள் நின்றுபோன வண்டியைக் கடைக்குத் தூக்கிவர அவர் விடமாட்டார். அது நிற்கிற வீட்டிலேயே பிரிக்க வேண்டும், அங்கேயே பூட்ட வேண்டும். கடைக்கு வந்தால் அதன் சாமான் பாதி வேறு வண்டிகளில் ஏறிவிடும் என்பார். அவர் சொன்னது உண்மைதான் என்று உங்களுக்கே தெரியும், சிரிக்காதீர்கள்.

வீட்டு வேலைக்கு அவர் இரண்டு பழக்கம் வைத்திருந்தார். போனதும் வண்டியைத் தொடமாட்டார். உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இன்னொன்று, எஞ்சின் பூட்டி முடித்ததும் கால் எவ்வளவு அரித்தாலும் முதல் உதை உதைக்கமாட்டார். அது ஓனருடையது. ஓனருக்குத் தெரியாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் நம்மில் உண்டு. உஸ்தாத் அப்படிச் செய்ததில்லை, நானும் செய்ததில்லை.

தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் வெகுகாலம் மரியாதைக்காகச் செய்வது என்றே நினைத்திருந்தேன்.

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. ஓனர் பெயர் தனகோட்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மகன் முரளி என்னைத் தேடி வந்தான். கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிற பையன், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. "எங்க நைனா எப்போ பாரு வண்டியப் பத்தியே பேசிகினு கீறாரு மாமா. ஓடற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க" என்றான்.

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு சந்து. அதுதான் ஷெட். வண்டி, இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்த அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக். அதில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றுதான், இடது பக்கம் இருக்கும். உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், விட்டால் கியர். தெரியாதவன் ஏறினால் கிக்கரைத் தேடியே களைத்துப்போவான். மழை வெள்ளம் அந்தத் தெருவுக்குள் வந்தபோது ஆலைகளின் எண்ணெய் கலந்துதான் வந்தது. தண்ணீர் எஞ்சின் மட்டத்துக்கு ஏறி இறங்கியிருந்தது. எண்ணெய் படிந்த கீழ்ப்பாகம் துருவே இல்லாமல் இருக்க, தண்ணீர் தொடாத மேல்பாகத்தை உப்புக்காற்று அரித்திருந்தது. தெருவில் அத்தனை வீட்டையும் நாறடித்த எண்ணெய் இந்த ஒரு எஞ்சினுக்கு நல்லது செய்திருந்தது.

வெயில் காலம். பையிலேயே பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். சந்துக்கு வெளியிலிருந்தே வழி இருந்தது. அதனால் வீட்டுக்குள் போகவே இல்லை.

தனகோட்டி அண்ணனுடன் பேச்செல்லாம் ஜன்னல் வழியாகத்தான். சந்தைப் பார்த்த ஜன்னலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கட்டிலிலிருந்து குரல் வரும். என்னையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"நைனா, அந்த நட்டுக்கு ரிங் ஸ்பேனர் போடு. ஓப்பன் ஸ்பேனர் போட்டு மூலைய தின்னுடாத."

"பட்த்துகினே எப்பிடிண்ணே தெரியுது உங்களுக்கு?"

"பொடவையில ஓட்ட கீது. அதுல ஒரு கண்ணு வெச்சிகினு கீறேன்."

பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் இருமுவார், இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து எண்ணூர்வரை போன கதை பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். "மழையில வண்டி நின்னுபோனா அவதான் எறங்கி ஒதைப்பா. நான் மேல குந்திகினு ஆக்ஸிலேட்டர புடிச்சிகினு இருப்பேன். என்னைய வுட்டா இந்த வண்டிக்கு அவ பேச்சுதான் புரியும்" என்பார். உள்ளே அண்ணி, "போதும், மூச்சு வாங்குது பாரு" என்று அதட்டுவார்.

சந்தில் எந்நேரமும் ஒரு உறுமல் கேட்டுக்கொண்டிருக்கும். நடுநடுவே பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பழைய ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் போகப்போகிறது, முரளியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிறவன் என்று எனக்குப் பெயர். இருமுகிற மனிதர் ஒருவர் ஏன் அந்தக் கட்டிலைவிட்டு ஒருநாளும் எழுந்து வெளியே வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் பெட்ரோலில் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. உறுமல் நின்றது. அடுத்த நிமிடம் உள்ளே அண்ணி அலறினார். "தம்பி! ஓடியாங்க தம்பி!"

ஓடினேன். அண்ணன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனை ஒரு ஆக்ஸிஜன் மிஷினில் போய் முடிந்தது, அது செத்துக் கிடந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. கரண்ட் போனால் மாற்றிவிட ஒரு சிலிண்டர் பக்கத்தில் நின்றது. அதன் சாவியைத் திருப்ப முடியாமல் அண்ணி போராடிக்கொண்டிருந்தார். "இறுகிப்போச்சு. நீங்க தொறங்க" என்று கையை நகர்த்திக்கொண்டார்.

இறுகியதைத் திறப்பதுதான் என் பிழைப்பு. கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் பெட்ரோலும் எண்ணெயும். ஆக்ஸிஜன் சிலிண்டரின் வாயில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது என்பது கேஸ் வெல்டிங் பக்கம் போன எவனுக்கும் தெரியும். அது பற்றிக்கொள்ள நெருப்புக் குச்சி தேவையில்லை.

இரண்டு எட்டுப் பின்னால் போனேன். கையைத் தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவன் மாதிரி நின்றுகொண்டு, அண்ணிக்குச் சொன்னேன். "நான் தொடக் கூடாது அண்ணி. நீங்கதான். புடவைத் தலைப்ப சுத்திக்குங்க. எடது பக்கம். மணிக்கட்டால திருப்பாதீங்க, தோள குடுங்க."

எதிரே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எத்தனை கொடுமை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை கோபம் இருந்தது. ஆனால் தோளைக் கொடுத்தார். சாவி திரும்பியது, காற்று சீறிக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது. நான் வெளியே போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, முதல்முறையாக அந்த வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

உஸ்தாத் எதற்காக உள்ளே போய்த் தண்ணீர் கேட்டார் என்று அன்று புரிந்தது. வீட்டைப் பார்ப்பதற்குத்தான். யார் படுத்திருக்கிறார்கள், யாருக்கு யார்மேல் கோபம், எதற்காக இந்த வண்டி இப்போது ஓட வேண்டும் என்று பார்ப்பதற்குத்தான். தம்பிகளே, பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அண்ணியும் முரளியும் சொன்னார்கள். நிலக்கரித் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரல் போய்விட்டது. போகி அன்று தெருவில் டயர் எரித்த புகை, கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தும் ஆஸ்பெஸ்டாஸ் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டதாம். இன்னொரு தடவை புகை போனால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரும்பி ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தேன். சந்தில் நிற்பது டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரிக்கிற வண்டி. அதிலும் புதுப் பிஸ்டன் போட்ட எஞ்சினுக்கு எண்ணெய் கூடக் கலக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் தெருவே தெரியாது.

பெட்ரோல் நெடி உள்ளே போகக் கூடாதென்று கழுவும் வேலையைத் தெருவுக்கு மாற்றிக்கொண்டேன். எஞ்சினைப் பூட்டினேன். பூட்டி முடிகிறவரைக்கும் யாரும் முதல் ஸ்டார்ட் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

முடிந்த அன்று அண்ணனே எடுத்தார். "நான் ஓட்டப் போறதில்ல நைனா. ஏறி குந்தப் போறதுமில்ல. இந்த ஜன்னலாண்ட ஒரு தபா ஒதைச்சு வுடு. சவுண்ட கேட்டுட்டு கம்முனு பட்த்துக்கறேன்."

"அதெல்லாம் வேலைக்கு ஆவாது" என்று முரளி எகிறினான். "செல்லுல புடிச்சினு வந்து போட்டுக் காட்டறேன். காதாண்ட வெச்சி கேளு."

"செல்லுல கேக்கறதுக்கு என் வண்டி எதுக்குடா? எவன் வண்டி சவுண்டா இருந்தா இன்னா?"

புகை உள்ளே போகாமல் சத்தம் மட்டும் போக வேண்டும் என்ற வேலை என் தலையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

வண்டியைத் தெருவின் மேற்குக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது புகை மெயின் ரோட்டுப் பக்கம் போய்விடும், வீட்டுக்கு வராது. முரளி தன் வண்டியை அங்கே நிறுத்தி முறுக்கிக் காட்டினான். அண்ணி வாசலில் நின்று, அவருக்குக் கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். அண்ணனுக்குக் கிட்டத்தில் பேசினால் கேட்கும், தூரத்துச் சத்தம் கேட்கிற காது கிரேன் கேபின் இரைச்சலிலேயே போய்விட்டது. புகையை அள்ளிக்கொண்டு போன காற்றே சத்தத்தையும் கொண்டுபோய்விட்டது. காற்று திரும்பினால் இரண்டும் வீட்டுக்கு வரும்.

மீதி இருந்தது ஒரே வழி. காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வரும், அதில் மணலி ஆலைகளின் வாடை இருக்கும். உச்சிப்பொழுதுக்கு முன்னால் கடல்காற்று எழும்பும், வாடை போய்விடும். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காற்றின் திசை மூக்கிலேயே தெரியும். ஒன்று அடங்கி இன்னொன்று எழும்புவதற்கு நடுவே காற்று செத்துப்போகும். புழுக்கத்தில் உடம்பெல்லாம் வழியும். அந்த நேரத்தில் உதைத்து, சத்தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அணைத்துவிட்டால், புகை நின்ற இடத்திலேயே நிற்கும், கடல்காற்று வந்து தள்ளிக்கொண்டு போய்விடும். முரளி அரைமனதாக ஒத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். டேங்குக்குப் பொட்டு வைத்து, முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். ஜன்னலில் புடவையை விலக்கிவிட்டிருந்தார்கள். கிளம்பும்போது அண்ணன், "என் ஒதைய நீயே ஒதைச்சிடு நைனா. எங்கால்ல ஏது தெம்பு" என்று சொல்லியனுப்பினார். அண்ணி ஒரு துண்டோடு வாசலில் நின்றார். அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்ததும் துண்டைத் தூக்கிக் காட்டுவதாகப் பேச்சு. தெருவே கூடிவிட்டது.

காற்று அடங்கியது. மாடிகளில் காயப்போட்ட துணி தொங்கிப்போனது. துண்டு உயர்ந்தது. லிவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பி, காலை வைத்தேன். காலின் கீழே எஞ்சின் இறுக்கமாக, நல்ல பிடிப்போடு நின்றது. ஒரே உதையில் எடுக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது மூக்கில் மணலி வாடை ஏறியது.

மறுபடி மேற்குக்காற்று. லேசாகத்தான். துணிகூட அசையவில்லை. அது அடுத்த மூச்சில் நின்றாலும் நின்றிருக்கும், நிற்காமல் புகையைச் சுருட்டிக்கொண்டு போய் அந்த ஜன்னலில் கொட்டியிருந்தாலும் இருக்கும். துண்டு உயர்ந்தபடியே இருந்தது. "இன்னா மாமு, முகூர்த்தம் பாக்கறியா?" என்று ஒருவன் கத்தினான். "ஒதைய்யா!" என்று இன்னொருவன். முரளி என் முகத்தையே பார்த்தான்.

காலை எடுத்துவிட்டேன்.

காத்திருந்தோம். வாடை போகவில்லை. பிறகு ஒரேயடியாகக் கடல்காற்று எழும்பியது. அண்ணி துண்டை இறக்கி மடித்தார்.

ஜன்னலுக்குப் போய் நின்றேன். "இன்னா நைனா, ஸ்டார்ட் ஆவலியா?" என்று கேட்டார் அண்ணன். உட்கார்ந்ததே அவருக்குக் களைப்பாகிவிட்டது.

"வண்டி ரெடிண்ணே. காத்து சரியில்ல."

"எனக்கு எப்போ காத்து சரியா இருந்துது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, அடங்குகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாம் போ. வண்டி ரெடியா கீதுல்ல, அது போதும்" என்றார்.

அன்று சாயங்காலமே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் திரும்பி வந்தபோது உயிர் இல்லை.

முரளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நல்லவேள நீங்க ஒதைக்கல மாமா. ஒதைச்சிருந்தா நம்மளாலதான் போனாருன்னு ஆயிருக்கும்" என்றான். அந்தச் சொல் எனக்கு ஒருநாள்தான் தாங்கியது. எப்படியும் போகப்போகிறவருக்கு அந்தச் சத்தத்தையாவது கொடுத்திருக்கலாமே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, இன்றும். ஆனால் இன்று அதே கோடியில் நின்று அதே வாடை வந்தாலும் காலை எடுக்கத்தான் செய்வேன். நமக்குத் தெரிந்த ஆபத்தை வைத்துத்தான் நாம் முடிவு எடுக்க முடியும். சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். சிலிண்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவர் பிழைத்தார். தெருக்கோடியில் காலை எடுத்தபோது அவருக்கு வண்டிச் சத்தம் கிடைக்காமல் போனது. இரண்டிலும் நான் செய்தது ஒன்றுதான்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் அண்ணனை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே முகம் மட்டும் தெரிந்தது. மூக்கில் குழாய் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றபோது அந்த உறுமல் கேட்டது. திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே மிஷின் ஓடவில்லை. சத்தம் ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. இந்தத் தடவை அது ஃபிரிட்ஜேதான்.

எடுக்கப்போகிற நேரம். மேளம் அடிக்கிறவர்கள் மேளத்தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து சந்துக்குள் போனார். வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பெட்ரோல தொறந்து வுடு தம்பி."

திறந்துவிட்டேன். பழக்கத்தில் தலை தானாக நிமிர்ந்து மாடித் துணிகளைப் பார்த்தது. அண்ணி அதைக் கவனித்துவிட்டார்.

"காத்து பாக்கறியா? இனிமே எந்தப் பக்கம் அடிச்சா இன்னா தம்பி."

நான் லிவர்மேல் காலை வைக்கப் போனேன். அண்ணி என்னை விலக்கினார். "நகரு. ஆக்ஸிலேட்டர மட்டும் புடிச்சிக்க" என்றார். வண்டி இப்போது அவருடையது, உதையும் அவருடையதுதான். யாரும் காட்டிக்கொடுக்காமல் லிவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உதைத்தார். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை உதைத்தார். மூன்றாவது உதையில் எடுத்துக்கொண்டது.

தெரு முழுக்கச் சத்தம். பந்தல் தகரம் அதிர்ந்தது. நீலப்புகை கெட்டியாகக் கிளம்பி, பெட்டியின் கண்ணாடியை மூடி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அண்ணி மட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு புகையின் நடுவில் நின்றார். அணைக்கச் சொல்லவில்லை. நான் ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி, இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.